பாய் விரிக்க இடமில்லாத வகுப்பு

இதைப் படிக்கிற பிள்ளைகள் அநேகமாகப் பெஞ்சில் உட்கார்ந்துதான் படிப்பீர்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பதும், குத்தகைக்கு எடுத்த கொஞ்ச நிலத்தில் நெல் போடுவதும்தான் என் பிழைப்பு. கோர்வையாக எழுத வராது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஆற்றாமை இன்னும் தீரவில்லை. பெரியவர்களிடம் சொன்னால் "பெஞ்சு போட்டதுக்கா இந்தப் பாடு" என்று சிரிக்கிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பூதலூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம் உண்டு. அப்போது ஊரில் பாதி வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். சிங்கப்பூர், துபாய், மலேசியா. மிச்சம் பேர் திருப்பூர். பணம் வந்த வீட்டுப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு மஞ்சள் வேனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனார்கள். காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால் தெருவே அவசரப்படும். என் மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. அவளையும் வேனில் ஏற்ற வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. சிங்கப்பூரில் இருந்த அவள் அண்ணன் பீஸ் கட்டுவதாகச் சொல்லியிருந்தார். நான்தான் பிடி கொடுக்காமல் இருந்தேன். அடுத்தவர் காசில் படிக்க வைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வயதில் என்னிடம் இருந்த காரணம் அவ்வளவுதான். படிப்பைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அவள் வாய் ஓயாது. கோழியிடம் பேசுவாள், நான் கழற்றிப் போட்ட மோட்டாரிடம் பேசுவாள். பள்ளிக்கூட வாசலை மிதித்தால் ஒரு சொல் வராது. ஆனி போய் ஆடி போய் ஆவணியும் வந்தது. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். தண்ணீர் வேண்டும் என்றால்கூட டீச்சரின் புடவையைப் பிடித்து இழுப்பாளாம். பேசாத பிள்ளை என்று தெருவில் பேர் வைத்துவிட்டார்கள். "ஊமைக்கு எதுக்கு வேனு" என்று ஓர் அம்மாள் என் மனைவியின் காதுபடவே சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

ஆவணிக் கடைசியில் பள்ளிக்கூடத்து மோட்டார் நின்றுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்றாவது, இரண்டாவது பிள்ளைகள் சேர்ந்து இருந்த அறையின் ஜன்னலுக்குக் கீழேதான் போர் குழாய். மோட்டாரைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தேன். வகுப்பு என்று சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. கோரைப்பாய் விரித்து, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தரையில் கிடந்தார்கள். சுவரின் அடிப்பக்கத்தில் அவர்கள் உயரத்துக்குக் கறுப்புப் பூசி, அதில் சிலர் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சாக்பீஸால் தரையில் வயல் வரைந்து, வரப்பு போட்டு, ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை என்று புளியங்கொட்டையைப் பங்கு பிரித்தார்கள். டீச்சரும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. படிக்க அனுப்பினால் விளையாட விட்டிருக்கிறார்களே, இதற்கா நான் மச்சானிடம் வீராப்புப் பேசினேன் என்று தோன்றியது.

மூலையில் ஒரு கடை. காலி சோப்பு உறை, தீப்பெட்டி, ஷாம்பு பாக்கெட், கொட்டாங்குச்சியில் செய்த தராசு. கடைக்குப் பின்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது என் மகள். ஒரு பையன் சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாயின் மேல் மூன்று புளியங்கொட்டையை வைத்தான். இவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இன்னும் ரெண்டு வை. சோப்பு அஞ்சு" என்றாள்.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். டீச்சர் தலையைத் திருப்பவே இல்லை. கவனிக்காத மாதிரி வேறு பக்கம் ஏதோ அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார், ஒரு வாரமாக இப்படித்தான், கடையில் மட்டும் பேசுகிறாள், பேசிவிட்டாள் என்று யாரும் கை தட்டிவிடக் கூடாது, தட்டினால் நின்றுவிடும் என்று. அஞ்சில் மூன்று போனால் என்ன என்று பாடமாகத் தான் கேட்டால் பதில் வராது, கடையில் கேட்டால் வருகிறது என்றார். தினமும் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற டீச்சர் அவர். வாங்கும் சம்பளத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிரம்பை ஆட்டிவிட்டுப் போகலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

அன்றிலிருந்து நானும் வீட்டில் பழைய உறைகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். என் மனைவி திட்டிக்கொண்டே சேர்த்தாள். புரட்டாசியில் கடையில் இருந்த பேச்சு, அட்டைக்கு வந்தது. படத்தைக் காட்டினால் "ஏர்", "ஏணி" என்று சொன்னாள். சத்தம் டீச்சருக்கு மட்டும் கேட்கும். அது போதும் எங்களுக்கு.

காலாண்டு லீவு முடிந்து திறந்த அன்றுதான் பெஞ்சு வந்திருந்தது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் துபாயில் கட்டட வேலைக்குப் போய், மேஸ்திரியாகி, ஆளை வைத்து வேலை வாங்கும் அளவுக்கு உயர்ந்தவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து, தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இன்னும் தரையில் உட்காருகிறார்களே என்று டெஸ்க்கும் பெஞ்சும் செய்யச் சொல்லியிருந்தார்கள். நல்ல மனசு. இல்லையென்று சொல்ல மாட்டேன். பட்டறைக்காரர் உயர்நிலைப் பள்ளிக்குச் செய்கிற அளவிலேயே செய்து இறக்கிவிட்டார். இரும்புச் சட்டத்தில் டெஸ்க்கும் பெஞ்சும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்தது, அசைக்கவே இரண்டு ஆள் வேண்டும். ஒவ்வொன்றின் முதுகிலும் 'உபயம்' என்று போட்டுக் கொடுத்தவர் பெயர். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வர இடமில்லாமல் பெயர் எழுதுவார்களே, அந்த வழக்கம்தான்.

வாசலிலிருந்து சுவர் வரை பெஞ்சு அடைத்துக்கொண்டது. அடிச்சுவரில் பூசிய கறுப்பு, பெஞ்சுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பாயைச் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டார்கள். என் மகளின் கடை ஒரு யூரியா சாக்குக்குள் போனது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கால் தரைக்கு எட்டாமல் ஆடியது. டெஸ்க் அவர்கள் மோவாய்க்கு நேரே இருந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டு, "இப்பதான்டா இது பள்ளிக்கூடம்" என்றது. அந்த வாரமே என் மகள் பழையபடி கையை மட்டும் தூக்க ஆரம்பித்தாள்.

டீச்சரிடம் போனேன். "நான் என்னங்க பண்றது, ஹெச்.எம். சொல்லிட்டாரு" என்றார். ஹெச்.எம்மிடம் போனேன். நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தே என்னை நோகடித்தார். பெஞ்சைப் பார்த்துவிட்டு வேன் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்திருப்பதாகச் சொன்னார்.

"எண்ணிக்கை குறைஞ்சா இந்தப் பள்ளிக்கூடத்தையே பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க. அப்ப உங்க பொண்ணு பாய்லயும் உக்கார முடியாது, பெஞ்சுலயும் உக்கார முடியாது. சம்மதமா?"

பெஞ்சை நாலாவது, அஞ்சாவது வகுப்புக்குப் போடலாமே என்றேன். அங்கே ஏற்கெனவே இருக்கிறதாம். வராந்தாவில் போடலாமே என்றேன். கொடுத்தவர் பெயரை வெயிலிலும் மழையிலும் போட்டால் நன்றாகவா இருக்கும் என்றார். பிள்ளைகள் வெயிலில் நின்றால் பரவாயில்லை, பெயர் நிற்கக் கூடாது போல. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டீ குடித்த வாய்.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசிப் பார்த்தேன். பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் எனக்கு அலுத்தே போய்விட்டது. விளையாட்டில்தான் படிப்பு வருகிறது என்று சொன்னால், "அப்ப எம் புள்ள கலெக்டர் ஆயிருக்கணுமே, நாள் பூரா வெளையாடுறான்" என்று ஒரு தாய் சிரித்தார். இன்னொரு வீட்டில், வேனில் அனுப்ப வக்கில்லாதவன் பெஞ்சையும் கெடுக்கிறான் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். என் மனைவியே, "ஊரோட சண்ட போட்டுதான் அவ பேசணுமா, பேசாம எங்கண்ணன் சொன்ன மாதிரி வேன்ல ஏத்துங்க" என்றாள். அங்கேயும் பெஞ்சுதானே என்றேன். "அங்க இங்கிலீஷ்ல பேசாம இருப்பா" என்றாள். கோபத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

கடைசியில் துபாய்க்காரரின் நம்பரை அவர் தங்கையிடம் வாங்கினேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அவரும் நானும் ஒரே வகுப்பு. அந்தக் காலத்தில் 'டா' போட்டுத்தான் பேசுவோம். துபாய் போன பிறகு இரண்டு பக்கமும் 'ங்க' வந்துவிட்டது. வயல், மழை, அவர் அம்மாவின் முட்டி வலி எல்லாம் பேசிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒன்றாவது, இரண்டாவது பிள்ளைகளுக்கு மட்டும் தரையே நல்லது என்றேன்.

அவர் பதிலுக்கு ஒன்று கேட்டார்.

"நம்ம வகுப்புல ஒரு வரிசை பெஞ்சு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அதுல யாரு உக்காந்தா?"

நான் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்.

"நீங்க ஓரத்துலயாவது உக்காந்தீங்க. எங்க தெருப் புள்ளைங்க அஞ்சாவது வரைக்கும் தரையிலதான். மழ பேஞ்சா ஈரத் தரையில. இப்ப நான் பெஞ்சு வாங்கிப் போட்டா, தரைதான் நல்லதுன்னு நீங்க போன் பண்றீங்க. நல்லா இருக்குங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். போனை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. நான் கேட்டதிலும் தப்பில்லை. பிறகு எப்படித்தான் என் பிள்ளை பேசுவது? யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகின வாசனை மாதிரி நாள் முழுக்க மூக்கிலேயே நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அப்படியே போனது. அரையாண்டில் டீச்சர், எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று குறிக்கிற அட்டையை என்னிடம் காட்டி, இந்தப் படியிலேயே நிற்கிறாள், எழுதுகிறாள், வாயைத் திறக்கவில்லை என்றார். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிற்று வலி என்று படுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

பொங்கலுக்குத் துபாய்க்காரர் லீவில் வந்தார். பெஞ்சைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். வஞ்சம் வைக்கிற ஆள் இல்லை அவர். சாக்லேட் டப்பா கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் எழ முடியாமல் எழுந்ததில், ஒரு பையனின் முட்டி இடித்து, அவன் அழாமல் வாயை மூடிக்கொண்டு நின்றான். இவர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டு சாக்லேட் கொடுத்துக்கொண்டு வந்தார். என் மகளிடம் வந்தார். அவள் கையைத் தூக்கினாள்.

"பேர் சொல்லும்மா" என்றார். அவள் சாக்லேட்டைப் பார்த்தாளே தவிர சொல்லவில்லை. இன்னொரு தரம் கேட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒரு வாண்டு, "அது பேசாது மாமா, கடை இருந்தாத்தான் பேசும்" என்றது.

என்ன கடை என்று அவர் டீச்சரைக் கேட்டார். டீச்சர் ஹெச்.எம்மைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். போட்டுக் காட்டச் சொன்னார் இவர். இடமில்லை என்றார் டீச்சர். இவர் அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம், "அந்தப் பக்கம் புடிங்க" என்றார்.

நானும் அவருமாக ஒவ்வொன்றாக வராந்தாவுக்குத் தூக்கினோம். ஹெச்.எம். எதற்கு சார், எதற்கு சார் என்று கூடவே நடந்தார். டீச்சர் பாயை உதறி விரித்தார். யூரியா சாக்கை அவிழ்த்ததுதான் தாமதம், பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். சினிமாவாக இருந்தால் என் மகள் அப்போதே பேசியிருப்பாள். பேசவில்லை. புதிய ஆட்கள் நிற்கிறார்களே. ஆனால் கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, உறைகளைப் பெரியது சின்னது என்று அடுக்கினாள். தரையில் வயல் வரைகிற கூட்டம் சாக்பீஸைத் தேடியது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

டீச்சர் அவரையும் பாயில் உட்காரச் சொன்னார். அவர் நிலைவாசலில் கையை ஊன்றி நின்றபடியே இருந்தார்.

"இது வேற தரைதான், புரியுது" என்றார் என்னிடம். "ஆனா எனக்கு உக்கார வரலைங்க."

போகும்போது ஹெச்.எம்மிடம் பேசி ஒரு முடிவு சொன்னார். காலையில் பெஞ்சு உள்ளேயே இருக்கட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பாய் விரிக்கலாம், சாயங்காலம் மறுபடி உள்ளே வந்துவிட வேண்டும். மழையில் நனையக் கூடாது. ஹெச்.எம். ஒத்துக்கொண்டார். ஆனால் தூக்குவது யார் என்று கேட்டார். பிள்ளைகளைத் தூக்கவிட முடியாது. சத்துணவு அம்மாவுக்குப் பாத்திரம் கழுவவே நேரம் போதாது. பிள்ளைகளின் அப்பாமார்களோ கடலுக்கு அந்தப் பக்கமும் திருப்பூரிலும் நின்று வேறு யாருக்கோ எதையோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் இருந்த ஆள் நான்தான்.

தூக்கினேன். மத்தியானம் எங்கே வேலை இருந்தாலும் சைக்கிளை மிதித்து வந்துவிடுவேன். ஒரு பக்கம் நான், மறு பக்கம் டீச்சர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. சாயங்காலம் மறுபடியும். மோட்டார் வேலை கொடுத்தவர்கள், என்னய்யா பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறாய் என்று ஏசினார்கள். இரண்டு பேர் வேறு மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டார்கள். வேறு வீட்டிலிருந்து ஒருவராவது வந்து ஒரு முனையைப் பிடிப்பார்களா என்று பார்த்தேன். வராந்தாவைத் தாண்டிப் போகிறவர்கள், "என்ன, தினம் உடற்பயிற்சியா" என்பார்கள்.

தை கடைசியில் அவள் கடையில் விலை சொல்ல ஆரம்பித்தாள் என்று டீச்சர் சொன்னார். பிறகு அட்டைப் படத்துக்கும் பதில் வந்தது. மத்தியானம் மட்டும்தான். காலையில் பெஞ்சில் கைதான்.

அந்தச் சமயத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்து, வாய்க்காலில் முறை வைத்துவிட்டார்கள். முறை என்றால், இன்ன நேரம் இன்னார் வயலுக்குத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி விடுவது. தாளடி, அதாவது இரண்டாம் போக நெல், பால் பிடிக்கும் நேரம். அப்போது தண்ணீர் தவறினால் அத்தனையும் பதர்தான். என் முறை மத்தியானத்தில் வந்து விழுந்தது. மாற்றித் தரச் சொல்லிப் பக்கத்து வயல்காரரைக் கேட்டேன், பெஞ்சு தூக்க வேண்டும் என்று காரணத்தையும் சொன்னேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மடையில் நின்றுவிட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

"ஏன்ப்பா இன்னைக்கு வரல?"

தண்ணீர் முறை என்று சொன்னேன்.

"டீச்சர் ஒரு பெஞ்ச மட்டும் இழுத்துப் பாத்தாங்க. வரல. நாங்க தூக்குறோம்னு சொன்னோம். கால் நசுங்கிடும், வேணாம்னுட்டாங்க. அப்பறம் எல்லாரும் பெஞ்சுலயே உக்காந்தோம்."

"யாரும்மா சொன்னது, நாங்க தூக்குறோம்னு?"

"நான்தான் சொன்னேன்."

கால் கழுவத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். பேசிவிட்டாள் என்று கை தட்டக் கூடாது என்று டீச்சர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. நான் சொம்பை வாங்கிக் காலில் ஊற்றிக்கொண்டேன்.

"நாளைக்கு வருவியா?"

"வரேன்."

"நாளைக்கும் மத்தியானம் முறை வந்தா?"

நாளைக்கும் மத்தியானம்தான் முறை. அதற்கு மறுநாளும்தான்.